யாருக்கு மருந்து

எங்கள் ஸ்பாஞ்சுத் தொழிற்சாலையில் அந்த அக்காவிடம் ஒரு நல்ல செய்தியை யாராலும் நிம்மதியாகச் சொல்லிவிட முடியாது. “அக்கா, தீபாவளிக்கு ரெண்டு நாள் லீவு குடுத்திருக்கான்” என்று ஒருவர் ஓடிவந்து சொல்வார். கையிலிருக்கும் கத்தியைக் கீழே வைக்காமல், தலையைக்கூடத் தூக்காமல் அக்கா கேட்பார்:

“யாருக்கு?”

சொன்னவர் விழிப்பார். திரும்பிப் போய் விசாரிப்பார். ஆபீஸ்காரர்களுக்குத்தான் இரண்டு நாள், மெஷினில் நிற்பவர்களுக்கு ஒரு நாள் என்று தெரிந்துகொண்டு முகத்தைத் தொங்கப்போட்டு வருவார். அக்கா சிரிப்பார். குத்திக்காட்டும் சிரிப்பு இல்லை. தொண்டை முழுக்கத் திறந்து, பக்கத்து மேசையில் இருப்பவர்களையும் தொற்றிக்கொள்ளும் சிரிப்பு.

தைப்பிங்கிலிருந்து வந்த மணியம் என்பவன் எங்களோடு ஃபோர்க்லிப்ட் ஓட்டினான். வாய் ஓயாத ஆள். ஒருநாள் அவரை மடக்கிவிடலாம் என்று நினைத்து, “அக்கா, நம்ம முனியாண்டி கோயில்ல ஆடு வெட்டி விருந்து. எல்லாருக்கும் சந்தோசம்லா” என்றான்.

“யாருக்கு?”

“எல்லாருக்கும்தான்க்கா. ஒருத்தர் பாக்கியில்ல.”

“ஆட்டுக்கு?”

அவருக்குத் தெரியாமல் எல்லோரும் அவரை ‘யாருக்கு அக்கா’ என்று கூப்பிட்டோம். தெரியாமல் என்பது எங்கள் நினைப்பு. அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அது யாருக்கு என்று கேட்பார். எனக்குப் பதில் தெரியாது.

நான் ஆறாம் வகுப்பு வரை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. தொழிற்சாலையில் என் வேலை ஸ்பாஞ்சுக் கட்டிகளை மெஷினில் கொடுத்துப் பலகை பலகையாக அறுப்பது. அறுத்தவற்றின் ஓரங்களைக் கத்தியால் சீவி ஒழுங்குபடுத்துவது அக்காவின் வேலை. அவருடைய மேசை என் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் பேசுவார், நான் கேட்பேன். இரண்டு பேருக்கும் அது ஒத்துப்போனது. வேலை முடிந்ததும் ஒரே வழியில்தான் வீட்டுக்குப் போவோம். அவர் ஆண்கள் ஓட்டும் பெரிய சைக்கிளில், நான் பழைய மோட்டார் சைக்கிளில். ஈப்போவுக்குத் தெற்கே பாதி கித்தா மரத்தை வெட்டி விற்றுவிட்ட ஒரு ரப்பர் தோட்டத்தில், மிச்சமிருந்த லயத்து வரிசை வீடுகளில் நாங்கள் குடியிருந்தோம். முதல் வீடு எங்களுடையது. கடைசி வீட்டில் அக்கா தனியாக இருந்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த டிரம்கள் வந்தன. யாரோ வெளிநாட்டுக்காரர்கள், நெருப்புப் பிடிக்காத ஸ்பாஞ்சு வேண்டும், நாற்காலி மெத்தைக்கு, என்று கேட்டிருந்தார்கள். ஸ்பாஞ்சு காய்ச்சும்போதே அந்த டிரம்மில் இருந்ததை அளந்து ஊற்றினார்கள். டிரம்மின் மேல் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர். அதை யாரும் வாசிக்கவில்லை. எங்கள் ஆட்கள் முதல் நாளே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: தீ மருந்து.

எங்களுக்கு டிரம்மில் வருவது எல்லாமே மருந்துதான். தோட்டத்தில் லாலான் புல்லைக் கொல்ல அடித்தது மருந்து. பூச்சிக்கு அடித்தது மருந்து. கித்தாப் பால் உறைய ஊற்றியது மருந்து. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் பாட்டிலில் கொடுத்ததும் மருந்து. ஒரே சொல். சொல்லும்போது யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

பசியாறும் நேரத்தில் மணியம் ஒரு துண்டு ஸ்பாஞ்சை எடுத்துவந்து லைட்டரைப் பற்றவைத்து அதன் ஓரத்தில் பிடித்தான். பழைய ஸ்பாஞ்சு என்றால் குபீரென்று பற்றி ஒழுகும். இது கறுத்துச் சுருங்கியது. லைட்டரை எடுத்ததும் அணைந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினோம்.

“பாத்தீங்களாக்கா? தீ மருந்து!”

“யாருக்கு?”

“தீக்குத்தான்.”

“தீக்கு என்னடா நோவு, மருந்து குடுக்க?”

அன்றைக்கு அதுவும் ஒரு சிரிப்பாகப் போயிற்று.

ஓரம் சீவும்போது விழும் துண்டுகளை யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். முன்பு பெண்கள் மட்டும் தலையணைக்கு எடுத்தார்கள். தீ மருந்து வந்த பிறகு துண்டுகளுக்குப் போட்டி வந்துவிட்டது. மருந்து போட்ட ஸ்பாஞ்சில் மூட்டைப்பூச்சி வராது என்று ஒருவர் சொன்னார். கரப்பான் அண்டாது என்றார் இன்னொருவர். மணியம் தன் கோழிக்கூண்டுக்கு அடியில் விரித்தான். சாமி விளக்குக்குப் பின்னால் சுவரில் ஒட்டியவர்களும் உண்டு.

என் மனைவி சரோஜா அப்போது முழுகாமல் இருந்தாள். அது எங்களுக்கு இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளையை மணல்வாரி அம்மை கொண்டுபோய்விட்டது. அந்த வருடம் லயத்தில் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது வந்தது. எல்லா வீட்டிலும் வேப்பிலை கட்டினார்கள். அம்மை இறங்கிய பிறகு ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையை உட்காரவைத்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் காயவைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஊற்றவில்லை.

மருந்து போட்ட ஸ்பாஞ்சு என்று நான் சொன்ன அன்றைக்கே சரோஜாவின் முகம் மாறியது. “நல்லதா பாத்து எடுத்துட்டு வாங்க. புள்ளைக்கு மெத்தை தைக்கிறேன். மருந்து இருக்குல்ல, ஒரு நோயும் கிட்ட வராது” என்றாள். நானும் நல்ல துண்டுகளாகப் பொறுக்கிக் கொண்டுவந்தேன். பழைய பூப்போட்ட சாரோங்கைக் கிழித்து உறை தைத்தாள். சின்ன மெத்தை. அதைச் சுவரில் சாய்த்துவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் அமுக்கிக் காட்டுவாள்.

தொழிற்சாலையின் கூரை தகரம். சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. அதில் மைனாக்கள் கூடு வைத்தன. புல், பிளாஸ்டிக் கயிறு, பீடித்தாள் என்று எதையும் விடாது. ஸ்பாஞ்சுத் துண்டு என்றால் அவற்றுக்கு உயிர். எங்கள் காலுக்கு நடுவில் நடந்துவந்து, தன் தலையைவிடப் பெரிய துண்டைக் கொத்திக்கொண்டு பறக்கும். அலகால் பிய்த்துப் பிய்த்து மெத்தையாக்கும். அக்கா பசியாறும்போது சோற்றில் ஒரு பிடியை வாசலில் போடுவார். மைனாக்களோடு அவருக்குச் சண்டையும் உண்டு. “வாடா கங்காணி, நேத்து நீ மட்டும் தின்னுட்டுப் போயிட்டே, உன் பொண்டாட்டி எங்க?” என்று கேட்பார்.

ஒரு மழைக்காலம் முடிந்து மைனாக்களுக்கு அம்மை வந்தது. கண்ணைச் சுற்றியும் அலகு ஓரத்திலும் காலிலும் மரு மாதிரி கொப்புளம். கோழிக்கும் இது வருவதால் எங்களுக்குத் தெரியும். “தாய் வந்திருக்கா, விரட்டாதீங்க” என்றார்கள் பெண்கள். “வேப்பிலை கட்டுங்கக்கா உங்க கங்காணிக்கு” என்றான் மணியம். எங்கள் லயத்து மைனாக்களுக்கும் அதே நேரத்தில் அதே கொப்புளம் வந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். எதிரே கொய்யா மரத்தில் மைனாக்கள் கத்திக்கொண்டிருந்தன.

“தம்பி, நல்லா பாரு. கொப்புளம் இருக்கா?”

பார்த்தேன். காய்ந்து உதிர்ந்திருந்தது. ஒன்றிரண்டுக்கு மட்டும் கண்ணோரம் தழும்பு.

“இதுங்களுக்குத் தலைக்கு ஊத்தியாச்சு” என்றார். “நாளைக்கு அங்க இருக்கிறத பாரு.”

மறுநாள் தொழிற்சாலையில் அவர் சொன்னபடி பார்த்தேன். அதற்கு முன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் அப்படிப் பார்த்ததில்லை. கொப்புளம் இறங்கவே இல்லை. வீங்கி, இரண்டு கண்ணும் மூடி, வாசலில் போட்ட சோறு எங்கே என்று தெரியாமல் ஒரு மைனா தரையைக் கொத்திக்கொண்டிருந்தது. சுவரோரம் இரண்டு செத்துக் கிடந்தன. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுக்கும் வாயெல்லாம் கொப்புளம்.

“அதே அம்மைதான்” என்றார் அக்கா. “அங்க எறங்குது, இங்க எறங்கல. ஏன்?”

‘யாருக்கு’ என்ற சொல்லை விட்டுவிட்டு அவர் ‘ஏன்’ என்று கேட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

குருட்டு மைனாவைப் பிஸ்கட் டின்னில் வைத்து, மூடியில் ஓட்டை போட்டு, என்னை மோட்டாரை எடுக்கச் சொன்னார். ஈப்போ டவுனில் அரசாங்க மிருக வைத்திய ஆபீஸ் இருந்தது. பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, டின்னை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க அதோடு பேசினார். “இது ஆத்துப் பாலம். இந்தா காப்பி வாசம் வருதா, அதான் கோப்பிக்கடை. மூச்ச விடாதே, அடுத்தது மீன் பாசார்.” சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்துக் காரில் இருந்த சீனப் பெண்மணி எங்களையே பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா அவருக்கும் டின்னைத் தூக்கிக் காட்டினார்.

ஆபீசில் இருந்தவர் ஒரு மலாய்க்காரர். மைனா என்று கேட்டுச் சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. கையுறை போட்டு, பறவையை ஒரு துணியில் பொதிந்து, வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். அக்கா தோட்டத்து மலாயில் பேசினார், அவர் எங்களுக்குப் புரியும்படி மெதுவாகப் பேசினார். இது அம்மைதான் என்றார். கொசு கடித்துப் பரவும், பெரும்பாலும் தானாகவே காய்ந்து விழுந்துவிடும் என்றார்.

“தோட்டத்துல விழுந்துடுச்சு, என்சிக். கிலாங்ல விழல” என்றார் அக்கா. கிலாங் என்றால் தொழிற்சாலை. சேலை முந்தியில் முடிந்துவைத்திருந்த ஸ்பாஞ்சுத் துண்டை அவிழ்த்து மேசையில் வைத்தார். கூட்டிலிருந்து எடுத்தது. “இதுலதான் படுக்குது. இதைத்தான் வாயில கடிச்சுப் பிய்க்குது. இதுல ஒரு மருந்து இருக்கு.”

வைத்தியர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழிற்சாலைத் தூசியில் ஊறிய கூடு என்றால் இறகைக் கோதும்போதும் உள்ளே போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னதை நான் மறக்கவில்லை. நோய் சாதாரண நோய். அதை எதிர்த்து நிற்க உடம்புக்குள் ஒரு பலம் உண்டு. இந்தப் பறவைகளுக்கு அந்தப் பலம் குறைந்திருப்பதுபோலத் தெரிகிறது. தீனி இல்லாவிட்டாலும் குறையும், வேறு நோய் இருந்தாலும் குறையும், உடம்புக்குள் போகக்கூடாத பொருள் போனாலும் குறையும். இதனால்தான் என்று சொல்ல நிறையப் பறவைகளை எடுத்து, பெரிய ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். என்னிடம் அது இல்லை, எனக்குத் தெரியாது என்றார்.

மைனாவை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். வெளியே வந்ததும் அக்கா, “நல்ல மனுசன். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றான் பாரு” என்றார்.

அடுத்த நாள் பசியாறும் நேரத்தில் அக்கா எழுந்து நின்று நடந்ததைச் சொன்னார். கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. தோட்டத்தில் இறங்கியது, இங்கே இறங்கவில்லை, வைத்தியர் இன்னதென்றார், இன்னது தெரியாது என்றார். அவ்வளவுதான். ஆனால் அவரவர் வீட்டிலும் அந்த ஸ்பாஞ்சு இருந்தது. தலையணையில் இருந்தது. நாற்காலியில் இருந்தது. யாருக்கும் கேட்கப் பிடிக்கவில்லை.

“என்னாக்கா இது, மைனாவுக்கு டாக்டர்கிட்ட எம்சி லீவு வாங்கப் போனீங்களா?” என்றான் மணியம். சிரித்தார்கள்.

“உங்க வாயால கிலாங்க மூடிட்டா யாரு சோறு போடுவா? வம்பு வேணாம், சும்மா சூசா பண்ணாதீங்க” என்றார் பேக்கிங்கில் இருந்த ஒரு பெண்.

“மருந்துன்னா நல்லதுதானேக்கா” என்றார் இன்னொருவர், சமாதானமாக.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் வலது கையை நீட்டினார். அந்தக் கையில் மூன்று விரலுக்கு நகம் கிடையாது. நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம், யாரும் கேட்டதில்லை.

“பீடோர் பக்கம் தோட்டத்துல நான் மருந்தடிக்கிற கூட்டத்துல இருந்தவ. முதுவுல டின்ன மாட்டிக்கிட்டுப் புல்லுக்கு அடிப்போம். மருந்து மருந்துன்னாங்க, நானும் மருந்துதானேன்னு வாளியில கையை விட்டுக் கலக்குனேன். வெசம்னு சொல்லியிருந்தா ஒரு குச்சிய எடுத்திருப்பேன்.”

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் யாரும் வீட்டில் இருந்த ஸ்பாஞ்சைத் தூக்கிப் போடவும் இல்லை.

விஷயம் சூப்பர்வைசர் காதுக்குப் போனது. அவர் சீனர், கெட்டவர் இல்லை. செத்த பறவை கிடப்பது அவருக்கும் பிடிக்கவில்லை. அந்த வாரமே ஆள் வைத்துக் கூரை இடைவெளி முழுக்கக் கம்பிவலை அடித்தார். கூடுகளைப் பிடுங்கி மூட்டை கட்டினார்கள். மைனா உள்ளே வருவது நின்றுவிட்டது. எச்சம் இல்லை, சத்தம் இல்லை, சுவரோரம் எதுவும் செத்துக் கிடக்கவில்லை. “பாத்தீங்களாக்கா, அம்மை போயிடுச்சு” என்றான் மணியம்.

அக்கா கத்தியை எடுத்தார். அன்று முழுக்க ஸ்பாஞ்சின் ஓரத்தை மட்டும் சீவிக்கொண்டிருந்தார். சாயங்காலம் சைக்கிளை என் மோட்டாருக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்து, “உன் பொஞ்சாதி மெத்தை தச்சு வச்சிருக்காளாமே?” என்றார்.

“ஆமாக்கா.”

“நீ சொல்றியா, நான் சொல்லவா?”

நாலைந்து நாளாக ராத்திரிச் சாப்பாட்டின்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். சரோஜா மெத்தையைத் தடவிக்கொண்டிருப்பாள். சோற்றை விழுங்கிவிடுவேன்.

“சரி, நான் வாரேன்” என்றார் அக்கா.

அவர் வந்தபோது சரோஜா நன்றாக வரவேற்றாள். கோப்பி கலக்கினாள். வழக்கம்போல மெத்தையை எடுத்து மடியில் வைத்து, “அமுக்கிப் பாருங்கக்கா, மருந்து போட்டது” என்றாள்.

“யாருக்கு?” என்றார் அக்கா.

அந்தக் கேள்வியை அவர் வாயால் நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர் குரலில் கேலி இல்லை. ஆனால் சரோஜாவுக்கு அது கேலியாகத்தான் பட்டது.

“எனக்குத்தான்! வேற யாருக்கு? கிலாங்ல எல்லார்கிட்டயும் கேக்கிற மாதிரி என் வீட்லயும் வந்து கேப்பீங்களா? ஒண்ண மண்ணுல வச்சவ நான். இது மருந்து. இது என் புள்ளைக்கு மருந்து.” அவள் மெத்தையை நெஞ்சோடு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அக்கா கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார். “நான் பாத்தது மைனாவ மட்டும்தான், சரோஜா. புள்ளைக்கு என்ன ஆவும்னு எனக்குத் தெரியாது. ஒண்ணும் ஆவாம கூட இருக்கலாம். தெரியாத ஒண்ணு மேல புள்ளையப் போடாதேன்னுதான் சொல்றேன்.”

“மைனாவுக்கும் மனுசப் புள்ளைக்கும் என்னாக்கா சம்பந்தம்?”

“அதான் தெரியாதுங்கிறேன்.”

சரோஜா என்னைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க. நீங்களும் பாத்தீங்களா?”

அக்கா எனக்காகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள்.

“பாத்தேன்” என்றேன். “நம்ம கொய்யா மரத்துல இருக்கே, அதுங்களுக்கும் அம்மை வந்துச்சு. எறங்கிடுச்சு. கிலாங்ல அந்த ஸ்பாஞ்சுல படுத்துக் கெடந்துச்சே, அதுங்களுக்கு எறங்கல.” அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வந்த சொல்லைச் சொன்னேன். “அதுங்களுக்குத் தலைக்கு ஊத்துற நாளே வரல, சரோஜா.”

சொன்ன பிறகுதான் எங்கே போய் அது படும் என்று புரிந்தது. அவள் மெத்தையை நெஞ்சிலிருந்து இறக்கிவைத்தாள். பிறகு உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்து, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, தான் போட்ட தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். துணியைக் கிழித்துவிட அவளுக்கு மனம் வரவில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மறு முனையிலிருந்து பிரித்தார்.

உள்ளே இருந்த ஸ்பாஞ்சை எடுத்ததும் சரோஜா அடுப்பைக் காட்டினாள். “கொளுத்திப் போட்ருங்க.”

“எரியாது” என்றார் அக்கா. “கருகிப் பொகையத்தான் செய்யும். அந்தப் பொகைய நீதான் இழுப்பே.”

“அப்ப குப்பையில போடலாம்.”

“குப்பையில போட்டா நம்ம கொய்யாமரத்து மைனா தூக்கிட்டுப் போவும்.”

மூன்று பேரும் அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எரிக்க முடியாது, எறிய முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. சரோஜாதான் முதலில் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். “நல்லா இருக்குக்கா உங்க மருந்து” என்றாள். மறுநாளே அக்கா தோட்டத்துப் பழைய ரோட்டோரம் நின்ற இலவமரத்துப் பஞ்சைக் கொட்டை நீக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். அதே பூப்போட்ட உறைக்குள் அது போனது.

எங்கள் மகள் அந்த மெத்தையில்தான் வளர்ந்தாள். அவளுக்கும் ஒரு வயதில் அம்மை வந்தது, இறங்கியது, தலைக்கு ஊற்றினோம். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட மாட்டேன். அக்காவும் போடமாட்டார். வளர்ந்த பிறகு அவள் ஏதோ ஒரு தாளில் படித்துவிட்டு வந்து சொன்னாள்: வெளிநாடுகளில் காட்டுப் பறவைகளின் முட்டையில்கூட இந்த மாதிரி மருந்து இருக்கிறதாம், பறவையின் உடம்பு நோயை எதிர்க்கும் பலத்தை அது கெடுக்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருக்கிறார்களாம். அவர்கள் பல வருடம் உழைத்துக் கண்டது அது. அக்கா கண்டது ஒரு கூரையும் ஒரு கொய்யா மரமும். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் அக்கா கண்டதை நானும் கண்டேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

மெத்தையைப் பிரித்த அடுத்த திங்கட்கிழமை அந்த ஸ்பாஞ்சைக் கோணிப்பையில் கட்டி மோட்டாரில் வைத்துத் தொழிற்சாலைக்கு எடுத்துப்போனேன். அக்கா சைக்கிளில் முன்னால் போனார். கேட்டில் ஜாகாவாக, அதாவது காவல்காரராக, இருந்தவர் ஒரு வயதான பாய். தமிழ்நாட்டிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம். வெளியே போகும் பைகளைத்தான் அவர் திறந்து பார்ப்பார். உள்ளே வரும் மூட்டையைப் பார்த்ததும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

“என்னா தம்பி, எல்லாரும் உள்ள இருந்து வெளிய கொண்டு போவாங்க. நீ வெளிய இருந்து உள்ள கொண்டு வாரே?”

“எடுத்தத திருப்பிக் குடுக்கிறேன், பாய்.”

“யாரு கேட்டா?”

“யாரும் கேக்கல.”

சூப்பர்வைசர் வந்தார். மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். பின்னால் ஷிப்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அக்கா சைக்கிளைப் பிடித்தபடி ஓரமாக நின்றார். நான்தான் சொன்னேன். என் பிள்ளைக்கு வேண்டாம். எரிக்க முடியவில்லை. குப்பையில் போட்டால் பறவை எடுத்துப்போகும். நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மலாயில் தப்பும் தவறுமாகத்தான் சொன்னேன். சூப்பர்வைசர் என்னையும் மூட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, ஸ்டோருக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் தரையைக் கையால் காட்டினார். “அங்கே போடு. லோரி வந்தால் அனுப்புகிறேன்” என்றார். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை, சூசா பண்ணாதீங்க என்று சொன்ன அதே பேக்கிங் பெண் இரண்டு தலையணையின் உள்ளடக்கத்தைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார். யாரையும் பார்க்கவில்லை. அதற்கு அடுத்த நாள் ஒரு மோட்டார் சீட் வந்தது. நாற்காலி வடிவில் ஒன்று, சாமி விளக்கின் கரி படிந்த ஸ்பாஞ்சுப் பலகை ஒன்று. கடைசியில் மணியம் வந்தான். அவன் கொண்டுவந்ததில் கோழி எச்சமும் இறகும் ஒட்டியிருந்தன.

“என்னடா, கோழிக்கு எம்சியா?” என்றார் அக்கா.

“போங்கக்கா” என்று சொல்லிவிட்டுக் கொட்டினான்.

குவியல் இடுப்பளவுக்கு வந்தது. லோரி வரும் வழியாக இல்லை. சாயங்காலம் மணி அடித்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது அக்கா ஸ்டோரிலிருந்து ஒரு பழைய கான்வாசை இழுத்துவந்தார். நான் ஒரு பக்கம் பிடித்தேன். குவியலை முழுக்க மூடி, ஓரங்களை உள்ளே மடித்து, வரிசையாகச் செங்கல் அடுக்கினோம். ஒரு மூலையில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. நான் போதும் என்று எழுந்துவிட்டேன். அக்கா குனிந்து இன்னொரு கல்லை எடுத்து அதையும் அடைத்தார்.

நாங்கள் நகர்ந்ததும் சுவர் மேல் காத்திருந்த ஒரு மைனா இறங்கிவந்தது. கான்வாசின் ஓரமாகவே நடந்து, கல்லுக்குக் கல் நின்று, அலகால் குத்தி இழுத்துப் பார்த்தது. ஒரு நூல்கூட வரவில்லை. வெறும் வாயோடு பறந்துபோய், வேலிக்கு அந்தப் பக்கம் காய்ந்த புல்லைப் பொறுக்க ஆரம்பித்தது.